முத்துத்தாய்க்குப் பால் கட்டியபோது

கோச்சடையில் முத்துத்தாய் கை வைத்தால் உதைக்கிற எருமையும் நின்று கறக்கும். நான்கு எருமைகளை விடியுமுன் கறந்து, பாலைத் தலைச்சுமையாக மதுரைக்குக் கொண்டுபோய் ஊற்றிவிட்டு வருவாள். பிள்ளை பெற்ற நாற்பதாம் நாளே சுமையைத் தூக்கிவிட்டாள். ஊர் ஒரு மாதிரியாகப் பேசியது. பேசுகிறவர்கள் வந்து கறந்துதரப் போகிறார்களா என்று அவள் போய்க்கொண்டே இருந்தாள்.

யுத்தம் தொடங்கிய வருஷம் அது. செல்லூர்ப் பக்கம் புதிதாக ஐந்து வீடு வாடிக்கையாகச் சேர்ந்ததில், திரும்பி வர உச்சிப்பொழுதாகிவிடும். அதற்குள் மாமியார் சீனியம்மாள் பிள்ளைக்குச் சங்கில் எருமைப்பால் புகட்டித் தூங்க வைத்திருப்பாள். பத்தே நாளில் முத்துத்தாய்க்கு வலது மார்பில் பால் கட்டிக் கல்லாகிவிட்டது. தொட்டால் உயிர் போனது. காய்ச்சலும் கண்டது.

கெட்ட பால் பிள்ளைக்கு ஆகாது என்று சீனியம்மாள் முடிவு கட்டினாள். மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டினால் பால் வற்றி வலியும் போகும். அங்கே எல்லோரும் செய்கிற வைத்தியம்தான். மூத்த பிள்ளை பிறந்து பால் கட்டியபோதும் அப்படித்தான் கட்டினார்கள். பால் வற்றியது, வலி போனது. சங்குப்பால் ஒத்துக்கொள்ளாமல் வயிற்றால் போய், நாலாம் மாதம் பிள்ளையும் போனது.

மாமியார் பூவோடு வந்து நின்றதும் முத்துத்தாய்க்கு ஆத்திரம்தான் வந்தது.

"மடி கட்டுன எருமைக்குக் கன்ன வெலக்கியா வைக்கிறோம்? முட்டி முட்டிக் குடிக்கத்தான விடுறோம். பூ வேணாத்தே. பிள்ளையக் கொண்டாங்க."

வெந்நீர்த் துணியால் ஒத்தடம் கொடுத்தாள். மெல்ல நீவிக் கொஞ்சம் பீய்ச்சிவிட்டு, காம்பு இளகியதும் வலிக்கிற பக்கமே பிள்ளையைப் போட்டாள். கண்ணில் பூச்சி பறந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்று முழுக்க, மறுநாளும், பிள்ளை சிணுங்கும்போதெல்லாம் அந்தப் பக்கமே முதலில் கொடுத்தாள். பால்சுமைக்குப் புருஷன் நல்லகாமனை அனுப்பினாள். செல்லூர் வீடுகளுக்கு இனிப் பிள்ளையையும் தூக்கிக்கொண்டே போவது, எந்த வாசலில் அழுகிறானோ அங்கேயே உட்கார்ந்து கொடுப்பது என்றும் அப்போதே தீர்மானித்துவிட்டாள்.

மூன்றாம் நாள் கட்டி கரைந்தது, காய்ச்சலும் விட்டது. பிள்ளை மடக்மடக்கென்று குடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்த சீனியம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்ப மூத்தவனுக்கும் இப்பிடிச் செஞ்சிருந்தா பொழச்சிருப்பானோ?"

முத்துத்தாய்க்கு அப்போதுதான் அழுகை வந்தது. வாய்விட்டே அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அன்னைக்கும் தொழுவத்துல எரும நின்னுச்சு அத்தே. எனக்குத்தான் தோணல."

பிள்ளையை மறுபக்கம் மாற்றிப் போட்டாள்.

"இவன் பொழச்சுக்கிருவான்" என்றாள்.