மெவ்லா அக்காவின் நாக்கு நுனி

போஸ்னியாவில் எங்கள் ஊர் மரம் அறுக்கும் ஆலையில் கண்ணில் தூசி விழாத ஆள் கிடையாது. விழுந்தால் மருத்துவமனைக்கு யார் போவார்கள்? மெவ்லா அக்கா வீட்டுக்குத்தான் ஓடுவோம். பிளம் சாராயத்தால் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, இமையைத் தூக்கி, நாக்கு நுனியால் கண்ணை மெல்லத் துழாவுவாள். அந்த நொடியில் உலகமே வெதுவெதுப்பான பாலாகிவிடும். துரும்பு அவள் புறங்கையில் வந்து உட்காரும்.

“தொழுவுற பொம்பள சாராயத்தத் தொடலாமாக்கா?” என்று சீண்டுவேன்.

“குடிச்சாத்தான் பாவம், சியாத். கொப்பளிச்சா மருந்து.”

போன இலையுதிர் காலத்தில் அவள் நாக்கு நுனியில் பட்டாணி அளவுக்கு ஒரு முடிச்சு வந்தது. நாற்பது வருடமாக எங்கள் கண்களிலிருந்து எடுத்த தூசியெல்லாம் அங்கே சேர்ந்துவிட்டது என்று ஊரே நம்பியது. நானும்தான். குற்றவுணர்வு பிடுங்கித் தின்றது. அவள் கனவிலும் மரத்தூள் பனிபோல இறங்கியதாம். வெறுங்காலோடு அதில் நடந்துகொண்டே இருந்தாளாம்.

துணைக்குப் போனது நான்தான். துஸ்லா நகரத்து டாக்டர் சிரித்தார். “தூசியெல்லாம் இல்லம்மா. நரம்பு மேல இருக்கிற உறையில வளர்ந்த கட்டி. புற்றுநோய் இல்ல. எடுத்துட்டா முடிஞ்சுது.”

“நாக்குல உணர்ச்சி?” என்று கேட்டாள் அக்கா.

“கொஞ்ச நாள் மரத்துப்போகும். திரும்பிடும்னு நெனைக்கிறேன்.”

அந்த ‘நெனைக்கிறேன்’தான் அவளை அரித்தது. கட்டி போனது, நாக்கு தூங்கிவிட்டது. ரொட்டியில் ஒட்டிய கசகசாவை நாக்கு நுனியால் தடவிப் பார்ப்பாள், ஒன்றும் தெரியாது. கண்ணைப் பொத்திக்கொண்டு வந்தவர்களையெல்லாம் டாக்டரிடம் அனுப்பினாள். வசந்தம் வந்த பிறகும், ஆப்பிள் பூ உதிர்வதைப் பார்த்தபடி ஜன்னலோரமே கிடந்தாள். எனக்குத் தாங்கவில்லை.

ஒரு நாள் வேலை முடிந்ததும் இடது கண்ணைப் பொய்யாகக் கசக்கிக்கொண்டு போனேன். அவள் துழாவியதும் ‘போயிடுச்சுக்கா’ என்று சொல்லிவிடுவதாகத் திட்டம்.

“போடா. என் நாக்கு செத்துப்போச்சு.”

“உசிர் போவுதுக்கா. ஒரு தடவ பாரு.”

கொப்பளித்தாள். துழாவினாள். நான் வாயைத் திறப்பதற்குள், “இதுல ஒண்ணுமில்ல” என்றாள். பிறகு என் வலது இமையைத் தூக்கினாள். மறுபடி அதே பால், வெகுநேரம்.

புறங்கையை நீட்டினாள். மயிரிழை போல ஒரு மரச் சிராய். அது அங்கே இருந்தது எனக்கே தெரியாது.

அவள் அழுதாள். நானும் அழுதேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

“பொய் சொல்ல வர்றவன் ரெண்டு கண்ணையும் கழுவிட்டு வரணும்டா.”