கருவாட்டுக் கடைக்கு ஒரு ஹோஸ்டிங்

கடலூர் முதுநகரில் மாமா கருவாட்டுக் கடை வைத்திருக்கிறார். முன்பு ஒருவர் அவருக்கு வெப்சைட் செய்து கொடுத்திருந்தார். சைட்டின் பெயர், படங்கள், வந்த ஆர்டர்கள் எல்லாமே அந்த ஆளின் கணக்கில் இருந்தன. ஒருநாள் சைட் திறக்கவில்லை. அந்த ஆள் போனையும் எடுக்கவில்லை. வெளியூர்க்காரர்கள் மாமா கடையையே மூடிவிட்டதாக நினைத்துக்கொண்டார்கள்.

"இன்னொரு வாட்டி இந்த மாரி ஆச்சுன்னா கம்ப்யூட்டர் பக்கமே வரமாட்டேன்டா" என்று சொல்லித்தான் புது சைட் போடும் வேலையை என்னிடம் கொடுத்தார். எங்கள் வீட்டில் முதலில் காலேஜ் போனவன் நான். என் படிப்பை நம்பி மாமா ஒப்படைத்த முதல் காரியம் அது.

சிதம்பரத்தில் என்னோடு அறையில் தங்கியிருக்கும் நண்பனும் நானும் சேர்ந்துதான் இந்த வேலைகளைப் பார்க்கிறோம். வெப்சைட்டை வைக்க இடம் தரும் ஹோஸ்டிங் கம்பெனிகளில் எது வேகம், எது இடம் ஜாஸ்தி தருகிறது என்று நான் தேடிக்கொண்டிருந்தேன். அவன் ஒவ்வொரு கம்பெனியாகப் போனில் கூப்பிட்டான். கேட்டது ஒரே கேள்வி.

"ஒங்ககிட்ட சேரலாம்னு இருக்கோம் சார். புடிக்கலன்னா எப்புடி வெளிய போறது?"

ஒருவர், "சேரும்போதே ஏன் சார் அபசகுனமா பேசுறீங்க" என்றார். இன்னொருவர் விசாரித்துச் சொல்வதாகச் சொல்லிப் போனை வைத்தார். திரும்பக் கூப்பிடவே இல்லை.

"ஏன் மச்சான், பொண்ணு பாக்கப் போன எடத்துல விவாகரத்து கேக்குற" என்றேன்.

அவனுக்குக் கொள்ளிடக் கரையில் குமராட்சிப் பக்கம் ஊர். "கொள்ளிடத்துல தண்ணி வந்தா எந்தப் பக்கம் ஏறுறதுன்னு பாத்துட்டுதான்டா எங்கூர்ல வீடே கட்டுவாங்க" என்றான், அடுத்த எண்ணை அழுத்திக்கொண்டே.

அந்த அழைப்பை எடுத்த பெண் கேள்வியைக் கேட்டுச் சிரித்தார். "உள்ள பேக்கப்னு ஒரு பட்டன் இருக்கும் சார். மொத்தத்தையும் நீங்களே எறக்கிக்கலாம், எங்களக் கேக்கவே வேணாம். சைட்டோட பேர மட்டும் கடைக்காரர் மெயில்லயே வாங்கிடுங்க."

தன் கம்பெனியை விட்டுப் போக வழி சொல்கிறோமே என்ற தயக்கம் அந்தக் குரலில் துளியும் இல்லை. அங்கேயே இடம் எடுத்தோம்.

சைட் தயாரானதும் கடலூருக்குப் பஸ் ஏறினோம். நெத்திலி மூட்டைகளுக்கு நடுவே லேப்டாப்பை வைத்து, நண்பன் அந்தப் பட்டனை அழுத்தினான். எல்லாம் இறங்கி முடிந்ததும் நெட்டைத் துண்டித்துவிட்டு, லேப்டாப்பிலேயே சைட்டைத் திறந்து காட்டினான். வஞ்சிரக் கருவாடு அப்படியே திரையில் இருந்தது. பிறகு நெட்டைப் போட்டு, சைட் கணக்கின் பாஸ்வேர்டை மாமாவையே மாற்றச் சொல்லிவிட்டு, என் தோளைப் பிடித்து வேறு பக்கம் திருப்பினான். அவனும் திரும்பிக்கொண்டான். எனக்கு இதெல்லாம் தோன்றியிருக்காது.

மாமா ஒற்றை விரலால் தட்டி முடித்தார்.

"அப்ப அந்தக் கம்பெனிய எப்ப வேணா விட்டுட்டுப் போலாம்?"

"போலாம் மாமா."

"ஒங்க ரெண்டு பேரையும்?"

நான் நண்பனைப் பார்த்தேன். அவன் யோசிக்கவே இல்லை.

"எங்களையும்தான் மாமா."

மாமா லேப்டாப்பை எங்கள் பக்கம் தள்ளினார். "சரி. சுறா படம் நல்லால்ல. வேற புடிங்க."