கடலில் ஒரு சுற்று

எனக்கு எழுபத்துநான்கு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். ஒருவரும் சோடை போகவில்லை. என் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. அதனால் நான் சொல்லச் சொல்ல, பேத்தி கைபேசியில் தட்டுகிறாள்.

நான் இப்போது வாசிக்கிற கிற்றார் அவளுடையது. சனிக்கிழமைகளில் வெள்ளவத்தையிலிருந்து பஸ் ஏறி, கொட்டாஞ்சேனை வகுப்புக்கு அவளைக் கூட்டிப்போய், வாசல் வாங்குப் பலகையில் குந்தியிருப்பேன். பள்ளிப் பாடங்களுக்கு டியூஷன் கூடியதும் அவள் கிற்றாரை விட்டுவிட்டாள். அங்கே கேட்ட சத்தம் என்னை விடவில்லை. கிற்றாரைத் தூக்கிக்கொண்டு நானே போனேன்.

“பிள்ளை வரேல்லையோ அம்மா?” என்றார் படிப்பிக்கிற தம்பி.

“நான் வந்திருக்கிறன். போதாதோ?”

அவர் சிரித்தார். இது ப்ளூஸ், கவலையை வாசிக்கிற சங்கீதம் என்றார்.

“எனக்கென்ன கவலை? ஆறும் கரை சேர்ந்திட்டுதுகள்.”

வாசிக்க வேண்டியதைத் தாளில் இங்கிலீஷ் எழுத்துகளாக எழுதித் தந்தார். கண்ணாடி கொண்டுவரவில்லை என்றேன். கண்ணாடி மூக்கில்தான் இருந்தது. அவர் தாளைக் கவிழ்த்து வைத்தார்.

“கம்பியில விரல் வைக்கிற பிடி மூண்டு, அம்மா. ஒண்டு வீடு, ஒண்டு கடை, ஒண்டு கடல். நாலு தட்டு ஒரு சுற்று. வீட்டில நாலு சுற்று இருங்கோ. கடையில ரெண்டு. திரும்ப வீட்டில ரெண்டு. பிறகு கடலில ஒண்டே ஒண்டு, வாற வழியில கடையில ஒண்டு, வீட்டில ரெண்டு. பன்னிரண்டு சுற்றும் முடிஞ்சுது.”

கம்பி என் விரலை வெட்டவில்லை. முப்பது வருடம் ஆவி பறக்க இடியப்பம் எடுத்த விரல்கள். வீடும் கடையும் சுகமாக வந்தன. கடலில்தான் பிழை விட்டேன். அந்தப் பிடிக்கு நாலு விரலும் நாலு இடத்தில் நிற்க வேண்டும். அவ்வளவு பாடுபட்டுப் போய்ச் சேர்ந்தபின் திரும்ப மனம் வராது. எங்கள் வீட்டுச் சின்ன ஒழுங்கைத் தெரு முடிகிற இடத்தில் தண்டவாளம், அதற்கப்பால் கடல். அதன் முன்னால் ஒருநாளாவது அவசரமில்லாமல் ஆறுதலாக நின்றதாக எனக்கு ஞாபகம் இல்லை. கம்பி அதிரும்போது பாதத்துக்குக் கீழே மணல் இழுபடுவதுபோல இருக்கும். இரண்டு சுற்று நின்றுவிடுவேன்.

“எல்லாரும் வீட்ட வந்திட்டம், அம்மா இன்னும் குளிக்கிறா!” என்பார் தம்பி. வகுப்பே சிரிக்கும்.

மாத முடிவில் பெற்றோர் முன்னால் எல்லோரும் சேர்ந்து வாசிப்பதாக இருந்தது. “நீங்கள் கடலில ரெண்டு சுற்று நில்லுங்கோ அம்மா. நாங்கள் காத்து நிப்பம்,” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. “எனக்காக ஒருத்தரும் காத்து நிக்க வேண்டாம்.”

அந்தக் கிழமை ஏழு நாளும், அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்தவள்போல நினைத்துக்கொண்டு வாசித்தேன். என் காலம் முழுக்க அப்படித்தானே நடந்தேன்! பெற்றோர் முன்னால் வாசித்த அன்றைக்குக் கடலில் ஒரே சுற்று. கடை. வீடு. வகுப்புப் பிள்ளைகளோடு ஒன்றாக வந்து சேர்ந்தேன். தம்பி தலையை மட்டும் ஆட்டினார்.

இப்போது பின்னேரங்களில் பல்கனியில் தனியே வாசிக்கிறேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. கடலில் மூன்று சுற்றும் நிற்பேன், நாலும் நிற்பேன். கீழே ரயில் போகும், வரும்.

சரி பிள்ளை, எழுதினதை ஒருக்கா வாசி, கேப்பம். கடல் வாற இடத்தில மட்டும் ஆறுதலா வாசி.