கல் மட்டும்

வளைகுடாவில், ராஸ் லஃபான் எரிவாயு ஆலையில் வரைபடங்களைச் சரிபார்ப்பதுதான் என் டூட்டி. சரியான வரிக்கு மஞ்சள், தவறானதற்குச் சிவப்பு. நிறம் விழாத வரி ஒன்று இருந்தாலும் தாள் என் மேசையை விட்டு நகராது.

எங்கள் பிரிவின் மூத்த என்ஜினியர் வேல்ஸ்காரர். ஓய்வுபெறும் முன் தன் கிராமத்தைப் பற்றிச் சிறு புத்தகம் எழுதியிருந்தார். அந்தக் கிராமம் இப்போது இல்லை. அவர் சிறுவனாக இருந்தபோதே, நகரத்துக்குக் குடிநீர் வேண்டும் என்று அணை கட்டி, பள்ளத்தாக்கோடு மூழ்கடித்துவிட்டார்கள்.

"ஊரு, ஆறு, மலை எல்லாம் சரியான்னு பார்த்துக் கொடு, பாய்," என்றார். ஆபீசில் அவருக்கு எல்லோரும் 'பாய்'தான்.

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். யார் காகிதம் நீட்டினாலும் கடைசி வரிவரை படித்து, உள்ளதைச் சொல்லியே பழகியவன். பழைய நிலப்படங்களை இணையத்தில் தேடி எடுத்தேன். ஆறு வளையும் திசை தவறு. பள்ளிக்கூடம் அவர் சொன்ன இடத்தில்தான் இருந்திருக்கிறது.

ரூமில் ராமநாதபுரத்து அண்ணன் எட்டிப் பார்த்தார். "தண்ணிக்குள்ள போன ஊருக்கு எதுக்குடா தம்பி வழி பாக்குற? பஸ்ஸா விடப் போறாக?"

சிரித்துக்கொண்டே பக்கத்தைத் திருப்பினேன். 'அணைக்கு முன்பே கல்லறைகள் அனைத்தையும் மேட்டுக்கு மாற்றினார்கள். என் தங்கையும் அங்கேதான் இருக்கிறாள்.' சின்ன வயதில் இறந்துபோனவள். லீவில் போகும்போதெல்லாம் அங்கே பூ வைத்துவிட்டு வருவதாக அவர் சொல்லியிருக்கிறார்.

மாற்றிய கல்லறைகளின் பட்டியலும் கிடைத்தது. மற்றப் பெயர்களுக்கு நேரே 'உடல், கல்'; அவள் பெயருக்கு நேரே 'கல் மட்டும்' என்று கையால் எழுதியிருந்தது.

அதற்குப் பிறகு முகம் கழுவக் குனிந்தாலே அந்த இரண்டு சொற்கள். மஞ்சள் பூசினால் பொய். சிவப்புப் போடக் கை வரவில்லை. அப்படியே கொடுத்துவிட்டேன்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் புரட்டினார். ஓரிடத்தில் நின்றார்.

"ஒரு வரி விட்டிருக்கே."

"ஆமா சார்."

"நீ வரி விடுற ஆள் இல்லையே, பாய்."

பட்டியலை எடுத்து அவர் முன் வைத்தேன். அவர் விரல் அந்தப் பெயரில் போய் நின்றது.

"அங்க ஆழம் எவ்வளவு?"

கேட்பாரென்று தெரியாமலே கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அது எனக்கே வெட்கமாக இருந்தது. "நாலு மாடி உயரம் இருக்கும், சார்."

தலையாட்டினார். "நான் காலேஜ் படிச்சது அந்த நகரத்துலதான். நாலு வருஷம் அந்தத் தண்ணியத்தான் குடிச்சேன்."

ஓய்வுபெற்று ஊர் திரும்பிய சில வாரங்களில் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். படகிலிருந்து எடுத்தது. சாம்பல் நிற நீர், தூரத்தில் கரை. ஒரு சொல்கூட இல்லை. கரைக்குப் பின்னால் தெரிந்த மலையின் வளைவைப் பழைய நிலப்படத்தோடு பொருத்திப் பார்த்தேன். சரியான இடத்தில்தான் நிறுத்தியிருந்தார், அவளுக்கு நேர் மேலே. அதை அவருக்கு எழுத வேண்டும். இன்னும் எழுதவில்லை.