திலகம் ரீச்சர் தேடிய சத்தமில்லாத பெட்டி

முல்லைத்தீவில் ஆசிரியர்களுக்கான கருத்தரங்கு ஒன்றில் இருந்தபோது அந்த அழைப்பு வந்தது. மண்டபத்து மின்விசிறிகள் எல்லாம் முழு வேகத்தில் இரைந்துகொண்டிருந்தன. கமலாக்கா பேசுகிறார் என்பது தெரிந்தது, என்ன சொல்கிறார் என்பது கேட்கவில்லை. வாசலுக்கு வந்து, பஸ் ஒன்று கடந்து போகும்வரை பொறுத்து, திரும்பக் கேட்டேன்.

"திலகம் ரீச்சர் போயிட்டா பிள்ளை. விடிய எழும்பி நெஞ்சு நோகுது எண்டவா. கிளிநொச்சிக்குக் கொண்டுபோற வழியிலேயே முடிஞ்சுது."

கமலாக்கா ரீச்சரின் பக்கத்து வீட்டுக்காரர். நான் மண்டபத்துக்குத் திரும்பிப் போகவில்லை. என் பையை வேறு யாரோ எடுத்துவந்து தந்தார்கள். எங்கள் ஊரான விசுவமடுவுக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு வந்த முதல் யோசனை, அந்தக் கணினிப் பெட்டியை அவர் நிற்பாட்டியிருப்பாரா என்பதுதான். சத்தமே இல்லாததால் அது ஓடிக்கொண்டிருப்பதை ரீச்சர் அடிக்கடி மறந்துவிடுவார். வழி முழுக்க அந்த ஒன்றையே யோசித்தேன். மற்றதை யோசிக்க மனம் ஒப்பவில்லை என்று இப்போது விளங்குகிறது.

அவரோடு எங்கள் பாடசாலையில் படிப்பித்தவர்களுக்கு அவரைப் பற்றி நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. புவியியல் பாடத்தை அவர் கதிரையில் இருந்து படிப்பித்ததை எவரும் கண்டதில்லை. ஆசிரியர் அறையிலும் நின்றபடிதான் தேநீர் குடிப்பார். "இருந்து யோசிச்சா யோசனையும் இருந்திடும்" என்பார். போர் முடிந்து மீள்குடியேற்றம் நடந்த பிறகு நான் அங்கே இரசாயனவியல் படிப்பிக்கப் போனபோது, முதல் நாளே என் மேசையை யன்னலோரத்திலிருந்து சுவரோரத்துக்கு மாற்றிவிட்டு, "உமக்கு வெயில் படும்" என்று சொல்லிவிட்டுப் போனவர். எனக்கு வெயில் பிடிக்கும். அதைச் சொல்ல எனக்கு ஒரு பாடசாலைத் தவணை பிடித்தது.

ரீச்சர் ஓய்வு பெற்று இரண்டாம் வருடம் ஒரு நாள் என் வீட்டுப் படலை வாசலில் நின்றபடியே கேட்டார்.

"எனக்கு ஒரு கொம்பியூட்டர் வேணும் காணும். ரீவியோட பூட்டி வைக்கிறது. சின்னதா இருக்கவேணும், சத்தம் போடக் கூடாது."

"ஒரு பென் டிறைவை ரீவியில செருகினாப் போதுமே ரீச்சர்?"

"உமக்குப் போதும்."

அவருடைய தங்கை மலர் கனடாவில் இருப்பவர். கலியாணவீடு, தேர், பிறந்தநாள் என்று கிழமைக்கு ஒன்றாக ஏதேனும் அனுப்பிக்கொண்டே இருப்பார். அவை எல்லாம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும், கதிரையில் இருந்தபடி பெரிய திரையில் பார்க்க வேண்டும் என்பது ரீச்சர் சொன்ன முதல் காரணம். கதிரையில் இருக்காத மனிதர் சொன்ன காரணம் என்பதால் நான் அதை நம்பவில்லை. மெய்யான காரணம் வர இன்னும் ஒரு மாதம் ஆனது.

போர் நின்றிருந்த சமாதான காலத்தில், பாதை திறந்திருந்தபோது, மலர் கனடாவிலிருந்து ஒரு வீடியோக் கமராவோடு வந்திருந்தார். ரீச்சரின் மகள் சுகந்தி பெரியபிள்ளையாகி, சாமத்தியவீடு அப்போதுதான் நடந்தது. அந்தக் கமராவைக் கையில் எடுத்த மூத்த மகன் ரூபன் பிறகு கீழே வைக்கவில்லை. அவனுக்குப் பதினைந்து வயது. வீடு, பந்தல், சமையல், வந்த சனம் எல்லாவற்றையும் அவனே எடுத்தான். ஒளிநாடாவை மலர் தன்னோடு கொண்டுபோய்விட்டார்.

பிறகு நடந்தவை எங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து போனதில் ரீச்சரின் வீட்டுப் படங்கள் ஒன்றும் மிஞ்சவில்லை. ரூபனைப் பற்றியும் எந்தத் தகவலும் இல்லை. மிஞ்சியிருந்தது கனடாவில் இருந்த அந்த நாடா ஒன்றுதான். அதிலும் அவன் இல்லை. படம் எடுத்தவன் படத்தில் எப்படி இருப்பான்?

"ஆனா கதைச்சிருப்பான்" என்றார் ரீச்சர். "வாய் மூடாதவன். அங்க நில்லுங்கோ, இஞ்சால பாருங்கோ எண்டு ஏதாவது சொல்லியிருப்பான். அது கேக்கவேணும். கொம்பியூட்டர் பக்கத்தில இருந்து ஊதிக்கொண்டு இருந்தா எப்பிடிக் கேக்கிறது?"

"போனில போட்டு, காதில மாட்டிக் கேக்கலாமே?"

"அவன் என்ர காதுக்குள்ளயா இருந்தவன்? வீட்டுக்குள்ள இருந்தவன். வீட்டுக்குள்ளதான் கேக்கவேணும்."

நான் கடைகளை விசாரிக்கத் தொடங்கினேன்.

கிளிநொச்சிக் கடைக்கு நாங்கள் போன நாளை நினைக்கிறேன். கடைக்காரர் கைக்கு அடக்கமான ஒரு பெட்டியை எடுத்து மேசையில் வைத்து இயக்கிக் காட்டினார். ரீச்சர் தன் கைப்பையிலிருந்து ஒரு மேசை மணிக்கூட்டை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். "தம்பி, உந்த விசிறியை நிற்பாட்டும். கதவையும் சாத்தும்." கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். சித்திரை வெக்கையில் கதவைச் சாத்திவிட்டு நாங்கள் மூவரும் மூச்சடக்கி நின்றோம்.

"மணிக்கூடு கேக்குதோ தம்பி?"

"இல்லை ரீச்சர்."

"அப்ப உம்மட பெட்டி சத்தம் போடுது."

"ரீச்சர், அதுவும் மூச்சு விடத்தானே வேணும்?"

"விடட்டும். எனக்குக் கேக்கக் கூடாது."

கடைக்காரர் வியர்வையைத் துடைத்தார். "நீங்க கொம்பியூட்டர் வாங்க வந்தனீங்களோ, மணிக்கூடு விக்க வந்தனீங்களோ?" என்றார். ரீச்சர் சிரித்தார், ஆனால் பெட்டியை வாங்கவில்லை.

அதன் பிறகு பல மாதங்கள் இதே வேலைதான். ரீவிக்கென்றே விற்கிற மலிவான சிறுபெட்டி ஒன்று சத்தமே போடவில்லை. ஆனால் மலர் அனுப்பிய கோப்புகளில் பாதி அதில் ஓடவில்லை. அலுவலகம் ஒன்றில் பாவித்துக் கழித்த சிறிய கணினி ஒன்று எல்லாவற்றையும் ஓட்டியது. ஆனால் உள்ளே சுழலும் தட்டு கிறுகிறுத்தது. தட்டை எடுத்துவிட்டு, அசையும் பாகம் எதுவும் இல்லாத சேமிப்புச் சில்லு ஒன்றைப் போட்டுப் பார்த்தோம். கிறுகிறுப்பு நின்றது, விசிறி இரைந்தது. விசிறியே இல்லாத கணினியும் உண்டு, உலோக உடம்பாலேயே சூட்டை வெளியே விட்டுவிடும் என்று இணையத்தில் படித்துச் சொன்னவள் நான்தான். அதை வாங்க வேண்டாம் என்றவளும் நான்தான். குளிர்நாட்டு வீட்டுக்குச் செய்த பொருள் எங்கள் வெக்கையில் எத்தனை நாள் தாங்கும்?

அந்த நாடாவை மலர் கோப்பாக மாற்றி அனுப்பி, அது ஏற்கெனவே வந்து கிடந்தது. ரீச்சர் திறக்கவில்லை. பெட்டி சரிவரட்டும் என்றார். எனக்குச் சந்தேகம் வந்தது. இவர் கணினி தேடவில்லை, நாளைக் கடத்துகிறார் என்று நினைத்தேன். ஒருமுறை சாடையாகக் கேட்டும் விட்டேன். "பயமோ ரீச்சர்?" அவர் குசினிக்குள் போய்ப் பானையை உருட்டினார். திரும்பி வந்தபோது, "அந்த விசிறி இல்லாததையே எடுப்பம்" என்றார்.

எடுத்தோம். முதல் பரீட்சைக்கு ஒரு தேர்த் திருவிழாவைப் போட்டோம். தேர் பாதி வீதி வருமுன் திரை இருண்டது. "சொன்னனான்தானே, வெக்கை தாங்காது" என்றேன். சொல்லும்போது எனக்குள் கொஞ்சம் சந்தோசம் இருந்தது. ரீச்சர் கிட்டப் போய்ப் பெட்டியைப் பார்த்தார். பிறகு மதிலுக்கு மேலால் கூப்பிட்டார்.

"கமலா! உதுக்கு ஆர் சட்டை போட்டது?"

ரீவிக்கும் வானொலிக்கும் தையல் மெஷினுக்கும் உறை போட்டு வைப்பது எங்கள் வழக்கம். கமலாக்காவும் தூசு படக்கூடாதே என்று பூப்போட்ட பின்னல் உறை ஒன்றைப் பின்னி அதை மூடிவிட்டிருந்தார். உடம்பால் சூடு விடும் பெட்டிக்குக் கம்பளி போர்த்தியது போல. ரீச்சர் உறையைக் கழற்றிவிட்டு, பிள்ளையின் நெற்றியில் வைப்பதுபோல அதன்மேல் கையை வைத்தார். "நல்ல காய்ச்சல்" என்றார். அதற்குப் பிறகு ஒருநாளும் அது நின்றதில்லை. ஆனாலும் பக்கத்தால் போகும்போதெல்லாம் கையை வைத்துப் பார்ப்பது அவருக்குப் பழக்கமாகிவிட்டது.

பிறகு ஒரு மத்தியானம், கோப்பைத் திறந்தோம். மின்விசிறியை நிற்பாட்டினார். யன்னல்களைச் சாத்தினார். குளிர்சாதனப் பெட்டியின் இணைப்பைக் கழற்றினார். மணிக்கூட்டைக் கொண்டுபோய்க் குசினியில் வைத்துவிட்டு வந்து, என்றுமில்லாதபடி, கதிரையில் இருந்தார்.

புல்லாங்குழலோடு ஒரு சினிமாப் பாட்டுத் தொடங்கியது. திரையில் இதய வடிவங்கள் விரிந்து சுருங்கின. சுகந்தியின் பெயர் பொன் எழுத்தில் வந்தது. ஒரு பாட்டு முடிய அடுத்த பாட்டு. வந்தவர்களின் வாய்கள் அசைந்தன, சிரித்தன, யாரையோ கூப்பிட்டன. ஒரு சொல் கேட்கவில்லை. கடைசிவரை பாட்டு.

ரீச்சர் கடைசிவரை பார்த்தார். பிறகு எழுந்து குளிர்சாதனப் பெட்டிக்கு மீண்டும் இணைப்புக் கொடுத்தார். "நல்ல பாட்டுகள்" என்றார்.

மலருக்குப் போன் எடுத்தது நான். என் குரல் உயர்ந்திருக்க வேண்டும், அவர் அழத் தொடங்கிவிட்டார். "அதில வெறும் சத்தம்தானே பிள்ளை இருந்தது. சட்டி பானை, சனத்தின்ர கதை. பாட்டுப் போட்டா வடிவா இருக்கும் எண்டு ஸ்ரூடியோவில சொன்னவை. அக்காவுக்கு வடிவா அனுப்பவேணும் எண்டுதான் செய்தனான்." அன்பினால் செய்ததுதான். வெளிநாட்டிலிருந்து எங்களுக்கு வரும் எந்த வீடியோவில்தான் பாட்டு இல்லை?

மூல நாடா அவருடைய வீட்டு நிலவறையில் எங்கோ கிடந்தது. அதை மலர் தேடிய நாட்களில் ரீச்சர் என் வீட்டுக்கும் தன் வீட்டுக்கும் இடையில் நடந்துகொண்டே இருந்தார். அடுத்த ஊர் உடையார்கட்டுவரை போய், எதற்குப் போனது என்று தெரியாமல் திரும்பி வந்தார். நான் பரீட்சைத் தாள்களைத் திருத்தமுடியாமல், அவர் வரும் வழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாடா கிடைத்தது. எதுவும் சேர்க்காமல், எதுவும் வெட்டாமல் ஒரு கோப்பு வந்தது. மீண்டும் யன்னல்களைச் சாத்தினோம். கணினியில் இல்லாத இரைச்சல் முழுக்க நாடாவில் இருந்தது. மின்சாரம் இல்லாத காலம். பந்தலுக்குப் பின்னால் ஜெனரேற்றர் ஒன்று ஓயாமல் உறுமியது. காகங்கள், பாத்திரங்கள், யாரோ தண்ணீர் கேட்பது. திரையில் இருபது வயது குறைந்த திலகம் ரீச்சர், எல்லோருக்கும் முன்னால் நின்று யாருக்கோ கையைக் காட்டி ஏதோ கட்டளையிட்டுக்கொண்டிருந்தார். கமராவுக்கு மிக அருகில், உடைந்துகொண்டிருக்கும் ஒரு குரல் சொன்னது:

"தள்ளுங்கோ, மறைக்கிறியள்."

அவ்வளவுதான். திரையில் இருந்தவர் முறைத்துவிட்டு விலகினார். என் பக்கத்தில் இருந்தவரும் கதிரையைச் சற்று நகர்த்தினார்.

வேறு எங்கும் அந்தக் குரல் இல்லை. வாய் மூடாதவன் அன்றைக்குக் கமராவின் கவனத்தில் வாயை மூடிவிட்டான். நான் எதையும் சான்று கேட்டே பழகியவள். அந்த வயதுப் பையன்களின் குரல்கள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும், கமரா கைமாறியிருக்கலாம். இதை எப்படிச் சொல்வது என்று நான் தடுமாறியதை அவர் கண்டுபிடித்துவிட்டார்.

"என்ன யோசிக்கிறீர் எண்டு தெரியும்" என்றார். "என்னைத் தள்ளச் சொல்லுற துணிவு வேற ஆருக்கு இருந்தது?"

அந்தப் பாடசாலையில் படித்த எந்தப் பையனைக் கேட்டாலும் அதற்கு மறுப்புச் சொல்லமாட்டான்.

செத்தவீட்டுக்குச் சுகந்தி சுவிசிலிருந்து வந்திருந்தார். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்து, வாடகைக் கதிரைகளை ஏற்றிக்கொண்டு லொறி போன பிறகு, வீடு திடீரென்று அமைதியானது. சுகந்தி ரீவிக்குக் கீழே இருந்த பெட்டியைக் காட்டினார்.

"அன்ரி, அம்மா இதில என்ன பாக்கிறவா?"

நான் அதன்மேல் கையை வைத்தேன். குளிர்ந்திருந்தது. அவர் நிற்பாட்டிவிட்டுத்தான் போயிருந்தார்.

நாடாவைப் போட்டேன். சுகந்திக்குப் பாட்டுப் போட்ட பிரதி மட்டும்தான் தெரியும். பதின்மூன்று வயதுத் தன்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவர், அந்தக் குரல் வந்ததும் நிமிர்ந்தார். திரும்பப் போடச் சொன்னார். இன்னொருமுறை.

"இது அண்ணாவோ அன்ரி?" திரையை விட்டு என் பக்கம் திரும்பினார். "அண்ணாவின்ர முகம் எனக்கு ஞாபகம் இருக்கு. குரல் இல்லை. பிறகு அவனுக்குக் குரல் மாறிட்டுது, அந்தக் குரலும் எனக்கு ஞாபகம் இல்லை. இது அவன்தானோ?"

நான் ரூபனை ஒருநாளும் கண்டதில்லை. அவன் பேசிக் கேட்டதுமில்லை. கூடப் பிறந்தவர் என்னைப் பார்த்துக் கேட்டுக்கொண்டு நிற்கிறார்.

"ஓம்" என்றேன். "ரூபன்தான்."

"எப்பிடித் தெரியும்?"

"உங்கட அம்மாவைத் தள்ளச் சொல்லுற துணிவு வேற ஆருக்கு இருந்தது?"

சுகந்தி முதலில் சிரித்தார். பிறகுதான் அழுதார்.

கோப்பைப் பிரதி எடுத்துக்கொண்டு அவர் போய்விட்டார். பெட்டியை என்னிடம் விட்டுச் சென்றார். அது இப்போது என் வீட்டு ரீவிக்குக் கீழே இருக்கிறது, உறை இல்லாமல். நான் அதிகம் பார்ப்பவள் அல்ல. ஆனாலும் வேலை ஒன்றில் நிலைக்க முடியாத பொழுதுகளில், இவை இப்போது அதிகம், எழுந்து போய்க் கையை வைத்துப் பார்க்கிறேன். ரீச்சரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தப் பெட்டி அல்ல. சான்று ஒன்றும் இல்லாமல், வாழ்க்கையில் ஒரேயொருமுறை நான் சொன்ன அந்த "ஓம்"தான். இனி யார் வந்து கேட்டாலும் அதையே சொல்வேன்.