அயோனி ஸ்வேபி கேட்ட அறை

ஜமைக்காவின் பாரோஸ் கேப் தொடக்கப் பள்ளியில் நூலகப் பொறுப்பை யாரும் கேட்டு வாங்கியதில்லை. தொண்டை கெட்டுப்போன ஆசிரியர், ஓய்வுக்குக் காத்திருப்பவர், தலைமையாசிரியரோடு முறைத்துக்கொண்டவர் என்று யாராவது ஒருவர் தலையில் அது வந்து விழும். அயோனி ஸ்வேபி மூன்றாவது ரகம். அப்போதிருந்த தலைமையாசிரியர் ஒரு பையனைப் பெல்ட்டால் விளாசியதைப் பெற்றோர் கூட்டத்திலேயே எழுந்து நின்று கேட்டாள். அடுத்த பருவம் தொடங்கியபோது ஐந்தாம் வகுப்பு அவள் கையில் இல்லை. நூலகச் சாவி இருந்தது.

அது தண்டனை என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவளுக்கு அந்த அறை பிடித்துப்போயிற்று. கான்கிரீட் கூரை போட்ட, செயிண்ட் தாமஸ் மலைகளைப் பார்த்த ஜன்னல்கள் உள்ள, நல்ல காற்றோட்டமான அறை. புத்தகங்கள்தான் மோசம். வெளிநாட்டுத் தேவாலயங்கள் கழித்துக்கட்டிய பெட்டிகள். பனிச்சறுக்கு விளையாட்டு, வருமான வரி வழிகாட்டி, ஏதோ ஊரின் தொலைபேசி விவரத்திரட்டு. பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டும்போது அவளே கதையை மாற்றுவாள். பனிமனிதன் இருந்தால் அவனை மணல்மனிதன் ஆக்கிவிடுவாள். ஊசியிலை மரம், ஊரில் வீட்டுக்கு வீடு காய்க்கும் அக்கி மரமாகிவிடும். ஒரு பெண் எட்டிப் பார்த்துவிட்டு, "மிஸ், படத்துல இருக்கறது அக்கி மரம் இல்லியே?" என்று கேட்டால், "வரைஞ்சவன் எங்க ஊருக்கு வந்ததில்லடீ, அவனுக்கு என்ன தெரியும்?" என்பாள்.

அந்த ஊருக்கு ஏற்ற புத்தகங்களோடு ஒரு நல்ல நூலகம் அமைக்க வேண்டும் என்பது அவளுடைய ஒரே பிடிவாதம். பள்ளி நூலகர்களுக்கான பயிற்சி எங்கே, உதவித்தொகை எங்கே என்று செய்தித்தாளில் பார்த்ததற்கெல்லாம் எழுதிப் போட்டாள். பயிற்சி பெற்றவருக்குத்தான் நிதி என்றது ஒரு பக்கம். நன்றாக நடக்கிற நூலகத்திலிருந்து வருபவருக்குத்தான் பயிற்சி என்றது இன்னொரு பக்கம்.

"கல்யாணம் ஆனாத்தான் மாப்பிள்ளை பாப்போம்னு சொல்ற மாதிரி இருக்குடி" என்று சிரித்தாள் மெர்லீன். பாலர் வகுப்பு ஆசிரியை. அயோனியின் பக்கத்து வீட்டுக்காரி, சிறு வயது முதலே தோழி.

"சிரி, நல்லா சிரி. ஒருநாள் கெடைக்கும், அப்ப பாரு."

கிடைக்கத்தான் செய்தது. அயோனிக்கு ஐம்பதை நெருங்கும் வயது. கிங்ஸ்டனில் ஓர் அறக்கட்டளை பள்ளி நூலகர்களுக்காக ஒரு புதிய திட்டம் தொடங்கியது. கோடை விடுமுறையில் டிரினிடாடில் பல்கலைக்கழகப் பயிற்சி. முடித்துவிட்டு வந்தால் பள்ளி நூலகத்தைப் புதிதாக அமைக்கப் பணம். இரண்டும் ஒன்றாக! ஒரே நிபந்தனை, பூட்டும் கதவும் உள்ள ஓர் அறையைப் பள்ளி நூலகத்துக்கென்று ஒதுக்க வேண்டும். புதுத் தலைமையாசிரியர் காண்ட்லெட் மறுபேச்சு இல்லாமல் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தார். "போயிட்டு வாங்க, மிஸ் ஸ்வேபி. நம்ம பள்ளிக்கூடத்துப் பேரு அங்கயும் கேக்கட்டும்" என்றார். மெர்லீன் விமான நிலையம்வரை வந்து, பன்னும் பாலாடைக்கட்டியும் ஒரு பையில் கட்டிக் கொடுத்துவிட்டு, "நூலகச் சாவி எங்கிட்ட இருக்கட்டும். ஜன்னல் தொறந்து காத்து விடறேன்" என்றாள்.

டிரினிடாடில் அயோனி இளம்பெண்ணாகிவிட்டாள். வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்தாள். எழுத்து தெரியாத குழந்தைகளுக்கு எப்படி வாசித்துக் காட்டுவது, பக்கத்தை எப்போது திருப்புவது, எங்கே நிறுத்தி அவர்களைப் பேசவிடுவது என்பதெல்லாம் ஒரு முழுப் பாடமாக நடந்தது. இத்தனை காலம் தான் தட்டுத்தடுமாறிச் செய்துகொண்டிருந்ததற்கு ஒரு பெயரும் முறையும் இருப்பது அவளுக்கு மயக்கமே தந்தது. மாலையில் டபுள்ஸ் என்ற கொண்டைக்கடலை வைத்த ரொட்டியை வாங்கித் தின்றுகொண்டே தன் அறையை வரைவாள். தாழ்வான அலமாரிகள் இங்கே. பாய் விரிக்க இடம் அங்கே. சனிக்கிழமை காலையில் அம்மாக்களும் வந்து உட்கார ஒரு நீளமான பெஞ்சு.

ஆகஸ்டில் புயல் வந்தது. டிரினிடாடுக்கு இல்லை, ஜமைக்காவுக்கு. விடுதியின் தொலைக்காட்சியில் தன் மாவட்டமான செயிண்ட் தாமஸ் கரையில் அலை ஏறுவதைப் பார்த்துக்கொண்டு தொலைபேசியை அழுத்தி அழுத்திப் பார்த்தாள். லைன் போகவில்லை. பல நாள் கழித்து மெர்லீனே கூப்பிட்டாள்.

"உயிரோட இருக்கோம். உன் வீடும் நிக்குது. வாழை பூராவும் படுத்துருச்சு. எங்க பாலர் கட்டடத்துத் தகரத்தக் காணவே காணோம், ஆத்துக்கு அந்தப் பக்கம் கெடக்குதாம்."

"லைப்ரரி?"

"அதுக்கென்ன, கான்கிரீட்டுக் கூரையாச்சே. ஒரு சொட்டுத் தண்ணி எறங்கல."

அயோனிக்குச் சந்தோஷம் பொங்கியது. தோழியின் வகுப்பறை பறந்துபோன செய்தி காதில் விழுந்த அதே மூச்சில் வந்த சந்தோஷம். அதை நினைத்துப் பின்னாளில் அவள் கூசினாள்.

திரும்பி வந்த மறுநாள் பள்ளிக்குப் போனாள். நூலகத்துக் கதவு திறந்திருந்தது. உள்ளே தரை முழுக்கச் சின்னஞ்சிறுசுகள். அலமாரிகளைப் பிள்ளைகள் இழுத்துப்போடாமல் இருக்கச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்திருந்தார்கள். புத்தகங்கள் பெட்டிகளில் ஏறி எங்கோ போயிருந்தன. ஜன்னல் கம்பியில் ஈரத் துணிகள். நடுவில் மெர்லீன், ஒரு பிள்ளைக்கு மூக்கைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தாள். அயோனியைக் கண்டதும் எழுந்து வந்தாள்.

"நாந்தான் தொறந்து குடுத்தேன், அயோனி. ஹெட்மாஸ்டரு கேட்டாரு. இதுங்கள மரத்தடியில வெச்சுட்டு எத்தன நாள் ஓட்டறது? வெயிலு, மழை…"

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"எப்படிக் கேப்பேன்? போனே போகலயே."

அது நியாயம்தான். அந்த நியாயமே அயோனிக்குக் கோபமாகிவிட்டது. நேராகத் தலைமையாசிரியர் அறைக்குப் போனாள்.

"உக்காருங்க, மிஸ் ஸ்வேபி."

"நிக்கறேன் சார். நீங்க கையெழுத்துப் போட்ட அறை அது."

"போட்டேன். கூரை பறக்கும்னு அப்பத் தெரியாது. கிறிஸ்துமஸுக்குள்ள தகரம் வந்துரும்னு சொல்றாங்க. வந்ததும் உங்க அறை உங்களுக்கு."

"அறக்கட்டளைக்காரங்க அதுவரைக்கும் காத்திருக்க மாட்டாங்க."

"அப்ப இந்தப் பிள்ளைங்கள எங்க வைக்கட்டும்? நீங்களே ஒரு இடத்தச் சொல்லுங்க, இப்பவே மாத்திடறேன்." அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. முகத்தில் தூக்கமின்மை அப்பியிருந்தது. அவர் வீட்டுக் கூரையும் போயிருந்தது.

"அது என் வேலை இல்ல சார். என் வேலை அந்த அறை" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

அறக்கட்டளையில் இந்தத் திட்டத்தைப் பார்த்துக்கொண்டவள் மிஸ் லிண்டோ. நல்ல பெண். அயோனி தொலைபேசியில் நிலைமையைச் சொன்னதும் அவள் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "அந்த அறையேதான் வேணும்னு இல்ல, மிஸ் ஸ்வேபி. வேற எதாவது இடம் இருந்தாலும் சரி. தற்காலிகமாவே இருக்கட்டும். பூட்டும் கதவும் இருந்தாப் போதும், நான் மேல பேசிக்கறேன். ஆனா டிசம்பருக்குள்ள சொல்லிடுங்க. அப்புறம் என் கையில இல்ல."

இந்தப் பேச்சை அயோனி தலைமையாசிரியரிடம் சொல்லவில்லை. மெர்லீனிடம் மட்டும், அதுவும் சில நாள் கழித்து, வேலி ஓரமாக நின்று சொன்னாள். மெர்லீன் துள்ளினாள்.

"அட, அப்ப சர்ச் ஹால் இருக்கே! வாரம் பூரா பூட்டித்தான கெடக்கு? பாஸ்டரே அன்னிக்குக் கேட்டாரு, பள்ளிக்கூடத்துக்கு எதாவது ஒத்தாசை வேணுமான்னு. பாலருங்கள அங்க வெக்க முடியாது, கக்கூஸ் கெடையாது. உன் புத்தகத்துக்குக் கக்கூஸ் எதுக்கு?"

"ஞாயித்துக்கெழம ஆனா அலமாரிய ஓரமா தள்ளணும். கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுவாங்க. ஆட்டுக்கறிக் கொழம்புச் சட்டிய என் மேசை மேல வெப்பாங்க."

"வெச்சா தொடச்சுட்டுப் போ."

"உனக்குப் புரியாது மெர்லீன். இன்னிக்கு அந்த அறைய விட்டுக்குடுத்தா அவ்வளவுதான், திரும்ப வராது. இத்தன வருஷம் ஓரம் ஓரமா ஒதுக்குனாங்க. இந்தத் தடவ ஒதுங்க மாட்டேன். பணம் கைய விட்டுப் போயிரும்னு தெரிஞ்சா ஹெட்மாஸ்டரே எறங்கி வருவாரு பாரு."

"எறங்கி எங்கடி வருவாரு, மனுஷன் நிக்கவே எடம் இல்லாம நிக்கறாரு."

அயோனி உள்ளே போய்விட்டாள்.

அந்தப் பருவம் முழுவதும் அவளுக்கு வேலை என்று எதுவும் இல்லை. விடுப்பில் போன ஆசிரியர்களின் வகுப்பைப் பார்த்துக்கொண்டாள். மற்ற நேரம் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து, அறக்கட்டளைக்கு அனுப்ப வேண்டிய திட்டத்தைத் திருத்தித் திருத்தி எழுதினாள். பாலர் இருந்த அறைப் பக்கம் கால் வைக்கவில்லை. சுற்றிக்கொண்டு போனாள். ஒருமுறை மெர்லீன் வாசலில் நின்று கூப்பிட்டாள்: "ஒரு அரை மணி நேரம் வந்து எதாவது கதை வாசியேன். மழை சத்தத்துக்கு இதுங்க பயந்து அழுவுதுங்க. புயலுக்கப்புறம் இப்படித்தான். என்னால சமாளிக்க முடியல."

"எனக்கு வேலை இருக்கு" என்றாள் அயோனி.

டிசம்பர் வந்தது. தகரம் வரவில்லை. காண்ட்லெட் இறங்கி வரவில்லை. விட்டுக்கொடுக்க அவரிடம் வேறு இடம் ஒன்றும் இல்லை. மிஸ் லிண்டோ இரண்டு தடவை கூப்பிட்டாள். "முடிவு பண்ணிட்டீங்களா?" என்று கேட்டாள். "அறை கெடைச்சுரும், கொஞ்சம் பொறுங்க" என்றாள் அயோனி. புத்தாண்டு பிறந்ததும் பணம் போர்ட்லண்டில் ஒரு பள்ளிக்குப் போய்விட்டதாகத் தகவல் வந்தது. அந்தப் பள்ளி கார் நிறுத்தும் கொட்டகை ஒன்றை நூலக அறையாகக் காட்டியிருந்ததாம்.

ஈஸ்டருக்குப் பிறகு பாலர் கட்டடத்துக்குக் கூரை போட்டார்கள். பிள்ளைகள் நாற்காலிகளைத் தலையில் தூக்கிக்கொண்டு வரிசையாகத் தங்கள் வகுப்புக்குத் திரும்பிப் போனார்கள். காண்ட்லெட் தானே வந்து சாவியை அயோனி கையில் கொடுத்தார். "சொன்னபடி உங்க அறை, மிஸ் ஸ்வேபி. லேட்டாயிருச்சு, மன்னிச்சுக்கங்க." பிறகு, சாதாரணமாகக் கேட்பதுபோல, "அறக்கட்டளையில வேற எடம் எதுவும் ஒத்துக்க மாட்டோம்னுட்டாங்களா?" என்றார்.

அயோனி பொய் சொல்லியிருக்கலாம். "ஒத்துக்கிட்டாங்க சார். நாந்தான் கேக்கல" என்றாள்.

அவர் திட்டியிருந்தால் அவளுக்கு நன்றாக இருந்திருக்கும். "வேற எடத்துல ஏழெட்டு மாசந்தானே, மிஸ் ஸ்வேபி" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்து போய்விட்டார்.

அவள் அலமாரிகளைத் திருப்பினாள். பெட்டிகளைப் பிரித்தாள். அவற்றை வைத்திருந்த இடத்து ஈரத்தில் பாதிக்கு மேல் பூசணம் பிடித்திருந்தது. பனிச்சறுக்குப் புத்தகம் மட்டும் பத்திரமாக இருந்தது. அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் அறக்கட்டளைக்கு எழுதினாள். அவர்கள் புயலுக்குப் பிறகு வேறு வேலைகளில் இறங்கிவிட்டார்கள், நூலகர் திட்டம் நின்றுபோனது. கற்றுக்கொண்டதை வைத்து, இருக்கிற புத்தகங்களோடு, ஓய்வு பெறும்வரை அவள் நன்றாகவே வேலை செய்தாள். பிள்ளைகளுக்கு அவளைப் பிடிக்கும். பெற்றோருக்கும் குறையில்லை. ஆனால் புத்தகம் தேடி வந்த பிள்ளையை, "அது நம்மகிட்ட இல்லியேம்மா" என்று திருப்பி அனுப்பும்போதெல்லாம் சர்ச் ஹாலின் பூட்டிய கதவு அவள் கண்ணில் வந்து நின்றது.

அதைவிட அந்தப் பாலர் வகுப்புதான் அவளை அதிகம் உறுத்தியது. மழைக்கு அழுத பிள்ளைகள். அவர்களுக்கு எப்படி வாசிக்க வேண்டும் என்று கடல் கடந்து போய்ப் படித்துவிட்டு வந்தவள், கதவு திறந்தே கிடந்த ஓர் அறைக்கு வெளியே சுற்றிக்கொண்டு நடந்தாள். அந்தப் பிள்ளைகள் மூன்றாம் வகுப்புக்கு வந்து அவள் நூலகத்தில் உட்கார்ந்தபோது அவர்களில் யார் யார் அன்று அழுதவர்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை. மெர்லீனிடம் கேட்கவும் வாய் வரவில்லை. மெர்லீன் கடைசிவரை ஒரு வார்த்தை குத்திக்காட்டியதில்லை. மகளோடு இருக்க ஃபுளோரிடாவுக்குப் போனபோது வேலியில் நின்று கட்டிப்பிடித்துக்கொண்டு, "கோவத்தக் கொறச்சுக்கடி" என்றாள். அவ்வளவுதான்.

ஓய்வு பெற்ற பிறகு பள்ளி நூலகர் சங்கத்தில் அவளைக் கூப்பிட்டார்கள். இளம் நூலகர்களுக்கு ஒரு பயிலரங்கு, நிதி கேட்டு எழுதுவது எப்படி என்று பேச வேண்டும். எழுதுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. மோரன்ட் பே நகரில் ஒரு மண்டபம். அவள் தன் பழைய திட்டத்தையே உதாரணமாக எடுத்துச் சொன்னாள். தாழ்வான அலமாரிகள் எதற்கு, பாய் எங்கே, சனிக்கிழமைக்கு அம்மாக்கள் ஏன் வர வேண்டும் என்று விரித்துச் சொல்லச் சொல்ல எல்லோரும் குனிந்து எழுதிக்கொண்டார்கள். முடித்ததும் முன்வரிசையில் இருந்த ஒரு பெண் கையைத் தூக்கினாள்.

"ரொம்ப அழகா இருக்கு மிஸ். ஒரு சனிக்கெழம நாங்க வந்து பாக்கலாமா?"

அயோனி கண்ணாடியைக் கழற்றினாள்.

"பாக்க முடியாதும்மா. அதை நான் கட்டல. கட்டறதுக்குப் பணம் வந்துது. எனக்கு ஒரு குறிப்பிட்ட அறைதான் வேணும்னு நின்னேன். சர்ச் ஹால் சும்மா கெடந்துது. போய்க் கேக்கல."

மண்டபத்தில் யாரும் எழுதவில்லை. அந்தப் பெண் தர்மசங்கடத்தில், "பரவால்ல மிஸ், புயல் நேரம், யாரா இருந்தாலும்…" என்று ஆரம்பித்தாள்.

"இல்லம்மா" என்றாள் அயோனி மெதுவாக. "யாரா இருந்தாலும் போய்க் கேட்டிருப்பாங்க."

வெளியே சாப்பாடு தயார் என்று யாரோ வந்து சொன்னார்கள். நாற்காலிகள் நகரும் சத்தம் எழுந்தது. அயோனி தன் காகிதங்களை அடுக்கிக்கொண்டு, எல்லோரும் போகட்டும் என்று அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.