டாக்டர் நல்லவர் என்று நான் சொன்ன மதியம்

என் வீட்டுக்காரருக்கு மூன்று மாதத்துக்கு முன் நெஞ்சுவலி வந்து, சென்னைக்குக் கொண்டுபோய் ஸ்டென்ட் வைத்துக் கூட்டி வந்தோம். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு இரண்டே விஷயம் சொன்னார். மாத்திரை ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. மனசு படபடக்கிற மாதிரி எதுவும் நடக்கக் கூடாது.

மாத்திரையை நான் பார்த்துக்கொண்டேன். படபடப்பைத்தான் தடுக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு சேனலில் பழைய கறுப்பு வெள்ளைப் படம் போடுவார்கள். மர்மப் படம் என்றால் சாப்பாட்டுத் தட்டோடு போய் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார். ரயில்வே வேலைக்காக அரக்கோணத்துக்கும் திருத்தணிக்கும் அலைந்த காலத்தில் ஒரு படமும் முழுசாகப் பார்க்கவில்லை என்பது அவருடைய குறை. கொலைகாரன் யார் என்று யாராவது முன்னாலேயே சொல்லிவிட்டால் அன்றைக்கு முழுக்கப் பேச மாட்டார்.

கனகம்மாசத்திரத்தில் கட்டிக்கொடுத்த எங்கள் மகள் போனில் மிரட்டுவாள். "நைனாவுக்கு அந்தக் கொலைப் படமெல்லாம் போடாதம்மா. சாமிப் படம் போடு."

"சாமியத்தான் மலையிலயே பாக்கறோமே, டிவியில வேற எதுக்கு?" என்பார் இவர் பக்கத்திலிருந்து. திருத்தணி மலையடிவாரத்தில்தான் எங்கள் வீடு.

அந்த ஞாயிறு போட்ட படம் ஒரு நாவலை வைத்து எடுத்தது. கதை ஆரம்பித்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒன்பதாவதோடு என் படிப்பு நின்றது. அதற்கப்புறம் அம்மையார்குப்பத்தில் அம்மா வீட்டில் இருந்த காலத்தில், வாரப் பத்திரிகைத் தொடர்களை யாரோ கிழித்துச் சேர்த்துத் தைத்து வைத்திருந்ததை வாங்கி வாங்கிப் படிப்பேன். அப்படிப் படித்த கதை இது. படமாகப் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் பெண்பிள்ளைகளை சினிமாவுக்கு அனுப்பியதே இல்லை.

பெரிய பங்களா. அதில் நெஞ்சு நோயாளியான ஒரு ஜமீன்தார். நாளுக்கு நாள் இளைத்துப் போகிறார். யாரோ கொஞ்சம் கொஞ்சமாக விஷம் வைக்கிறார்கள். கூடவே இருக்கும் தம்பி மேலும் சந்தேகம், மாத்திரை கொடுக்க வரும் டாக்டர் மேலும் சந்தேகம். நான் படித்த புத்தகத்தில் தம்பிதான் குற்றவாளி.

மணி இரண்டானதும் இவருடைய மாத்திரையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். உள்ளங்கையில் வாங்கி வைத்துக்கொண்டார். வாயில் போடவில்லை.

"பாவா, மாத்திரை," என்றேன். அவர் எனக்கு அத்தை மகன். கல்யாணத்துக்கு முன்னால் கூப்பிட்டபடியேதான் இன்றைக்கும் கூப்பிடுகிறேன்.

"இரும்மே. இந்த டாக்டர் இன்னா பண்றான்னு பாக்கலாம்."

"அது படம். நீங்க முழுங்குங்க."

"அவனும் அப்டிதான் சொல்லிகினு கீறான், முழுங்குங்க முழுங்குங்கன்னு."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. நெற்றி வேர்த்திருந்தது. கழுத்தில் நரம்பு துடிப்பது நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. டிவியை அணைக்கப் போனேன்.

"அணைக்காத. பாதியில விட்டா இன்னும்தான் படபடன்னு வரும்." உள்ளங்கையில் இருந்த மாத்திரையைப் பார்த்தார். பிறகு, "இது நீ படிச்ச கதைதான?"

"ஆங்."

"சொல்லு. டாக்டரா?"

இத்தனை வருடத்தில் அவராக என்னிடம் முடிவைக் கேட்டது அதுதான் முதல் தடவை. பயந்துவிட்டார் என்று புரிந்தது.

"டாக்டர் இல்ல. அவர் நல்லவர்."

"மலையப் பாத்துச் சொல்லு."

மலையைப் பார்த்துச் சொல்வது முருகன் மேல் சத்தியம்; எங்கள் ஊரில் இதை விளையாட்டுக்குச் சொல்ல மாட்டார்கள். மார்க்கெட்டில் எடைத் தகராறோ, வயலில் வரப்புத் தகராறோ, இந்தச் சொல் வந்ததும் ஒருவர் பின்வாங்கிவிடுவார். எங்கள் கூடத்து ஜன்னலில் மலைக்கோயில் கோபுரம் தெரியும். ஜன்னலண்டை போய்க் கை கூப்பி, "முருகா, அந்த டாக்டர் ஒரு பாவமும் செய்யல," என்றேன். இவர் மாத்திரையை விழுங்கித் தண்ணீர் குடித்தார். தோள் கொஞ்சம் இறங்கியது.

அடுத்த கால் மணி நேரத்தில் படத்தில் தம்பி செத்துக் கிடந்தான்.

புத்தகத்தில் தம்பி கடைசி வரைக்கும் உயிரோடு இருந்தான். படம் எடுத்தவர்கள் கதையை மாற்றிவிட்டார்கள் என்று எனக்கு அப்போதே தெரிந்துபோனது. சொல்லியிருக்கலாம். டாக்டர் அறைக்குள் வந்து கதவைத் தாழ் போடுவதையும், ஜமீன்தாரின் தலையைத் தூக்கிப் பிடித்து மருந்தை ஊற்றுவதையும் பார்த்துக்கொண்டே நின்றேன்.

இவர் டிவியைப் பார்க்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார். கை நெஞ்சுக்குப் போயிருந்தது.

"வலிக்குதா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினார். வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கச் சொன்ன சின்ன மாத்திரையை ஓடிப்போய் அட்டையோடு எடுத்து வந்து ஒன்றைப் பிரித்து நீட்டினேன். பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நீ மலையப் பாத்துச் சொன்ன."

"சொன்னேன். புக்குல அவர் நல்லவர்தான் பாவா. படத்துல மாத்திட்டானுங்க. எனக்குத் தெரியாது."

என் விரலில் இருந்த மாத்திரையைக் காட்டினார். "இதுவும் உனக்குத் தெரியாது."

இன்னொரு தடவை ஜன்னலண்டை போய்ச் சத்தியம் செய்ய எனக்கு யோக்கியதை இல்லை. அவர் கண் எதிரிலேயே அந்த மாத்திரையை என் நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் மண்டைக்குள் மேளம் அடிப்பது மாதிரி இடித்தது. கண் இருட்டியது. சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னாடி பண்ற நீ? ஏய், எழுந்திரு."

"எனக்கு ஒண்ணும் ஆவல. தல மட்டும் சுத்துது. இப்ப நீங்க வெச்சிக்கங்க."

வாயைத் திறந்தார். அட்டையிலிருந்து இன்னொன்றைப் பிரித்து, உட்கார்ந்தபடியே கையை நீட்டி அவர் நாக்குக்கு அடியில் வைத்தேன். பக்கத்து வீட்டுக்காரரை ஆட்டோ எடுக்கச் சொல்லிவிட்டு, இரண்டு பேரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆட்டோ வருவதற்குள் அவர் முகம் தெளிந்துவிட்டது. ஆனாலும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஈசிஜியில் புதிதாக ஒன்றும் இல்லை. அங்கே இருந்த டாக்டரம்மா திட்டியது என்னைத்தான், நோயாளியின் மாத்திரையை என் வாயில் போட்டுக்கொண்டதற்கு. இவர் அந்த அம்மாவையே சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை தனியாக மலைக்குப் படியேறிப் போனேன். வழக்கமாக அவருடைய ஆயுசைக் கேட்பேன். அன்றைக்கு அதைக் கேட்கக் கூச்சமாக இருந்தது. "தெரியாததைத் தெரியும்னு உன் பேர்ல சொல்லிட்டேன்," என்று மட்டும் சொன்னேன். கூட்டம் தள்ளியது, வந்துவிட்டேன்.

இப்போது நான் எதைச் சொன்னாலும், பால் திரிந்துவிட்டது என்றாலும்கூட, அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்க்கிறார். "தெரிஞ்சி சொல்றியா, நெனச்சிகினு சொல்றியா?"

கோபம் வருகிறது. ஆனாலும் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் பதில் சொல்கிறேன்.